வில்லும் நாணும் ஒரு பொம்மை ரயிலும்

பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு

"பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் பொம்மை ரயில் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று தோழியர் சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். இவ்வாண்டு நம் பள்ளியில் நடந்த கணிதக் கண்காட்சியன்று, தையல் அறை மேசைமீது சுற்றிச் சுற்றி ஓடிய ரயிலைக் காண வரிசையில் நின்றவர்களுள் அவர்களும் இருந்தார்கள் அல்லவா? அந்த ரயில் ஓடுவதற்கு முன் இரண்டு நாள் ஓடாமல் கிடந்தது. ஏன் கிடந்தது, பிறகு எப்படி ஓடிற்று என்பதை இங்கு எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பிய என் பெரியப்பா, தம்பிக்கென்று ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். யாரோ விளையாடித் தீர்த்து விற்றது. அதனுள் ஓர் எஞ்சின், இரண்டு பயணிகள் பெட்டிகள், நேரான தண்டவாளத் துண்டுகள் 9, வளைந்த துண்டுகள் 11 இருந்தன. எப்படிப் பூட்டுவது என்று காட்டும் தாள் ஒன்றும் இல்லை. இந்த அளவு ரயிலுக்கு 'ஓ ஓ' என்று பெயர். உண்மை வண்டியில் 76-ல் ஒரு பங்காக இதைச் செய்கிறார்கள். இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மி.மீ.

கண்காட்சிக்கு இதை வைக்கலாமா என்று கணித சிஸ்டரிடம் கேட்டேன். "ரயில் ஓடினால் வேடிக்கை, அதில் கணிதம் இருந்தால்தான் கண்காட்சி" என்றார்கள். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட மேசை 3 அடி அகலம், 6 அடி நீளம். இரண்டே நாள் அவகாசம்.

வளைந்த துண்டுகளை நீளத்தின்படி பிரித்தேன். நீண்டவை 7, குட்டையானவை 4. நீண்டவை ஏழையும் கோத்தபோது வட்டம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒரு வாய் மட்டும் திறந்திருந்தது. அதில் ஒரு குட்டைத் துண்டை வைத்தேன். அது எதிர்முனையை எட்டவில்லை. வியப்பு என்னவென்றால், இரு முனைகளும் ஒரே திசையைப் பார்த்தன. கோணல் சிறிதும் இல்லை. ஆனால் இடையே 5 செ.மீ. இடைவெளி, கொஞ்சம் பக்கவாட்டில் விலகலும்கூட. இரண்டு குட்டைத் துண்டுகளை வைத்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. "அக்கா, நீ உடைச்சிடுவே" என்று தம்பி அழத் தொடங்கினான்.

என் பிழை எங்கே என்றால், குட்டைத் துண்டு நீண்ட துண்டின் ஒரு பகுதிதான் என்று நினைத்துவிட்டேன். ஒரே தோசையில் பெரிய துண்டும் சிறிய துண்டும் பிய்த்தாற்போல! அந்த நினைப்புக்கு ஒரு காரணமும் இருந்தது. நீண்ட துண்டு ஒன்றின் அடிப்பக்கம் 'ஆர் 607' என்றும், குட்டைத் துண்டு ஒன்றின் அடிப்பக்கம் 'ஆர் 605' என்றும் அச்சாகியிருந்தது. மற்றவற்றில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. 'ஆர்' என்றால் ஆரம்தானே, ஆகவே 607 மி.மீ., 605 மி.மீ.; இரண்டும் ஏறக்குறைய ஒரே வட்டம் என்று முடிவு கட்டினேன். அது ஹார்ன்பி என்ற தயாரிப்பாளரின் பொருள் எண் மட்டுமே என்று பிறகு தெரிந்தது. எஞ்சினுக்கும் சிக்னலுக்கும்கூட அவர்கள் 'ஆர்' போட்டுத்தான் எண் கொடுக்கிறார்கள்!

ஆக, கேள்வி இதுதான். ஒரு வளைந்த துண்டு கையில் இருக்கிறது. அது எந்த வட்டத்தின் துண்டு? அந்த வட்டத்தில் எத்தனையில் ஒரு பங்கு? இவை இரண்டும் வெவ்வேறு கேள்விகள். குட்டைத் துண்டு பெரிய வட்டத்தின் சிறு பங்காக இருக்கலாம். சிறிய வட்டத்தின் பெரும் பங்காகவும் இருக்கலாம். நீளத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒன்பதாம் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. வட்டத்தின் இரு நாண்களுக்கு மையக்குத்துக்கோடுகள் வரைந்தால் அவை வெட்டும் இடமே மையம். துண்டைத் தாழ்வாரத் தரையில் வைத்துச் சாக்கட்டியால் கோடு இழுத்துப் பார்த்தேன். முறை சரியானதுதான், கருவிதான் சரியில்லை. இரு நாண்களும் ஒரே சிறு துண்டுக்குள் அடங்குவதால், அவற்றின் குத்துக்கோடுகள் மிகக் குறுகிய கோணத்தில் போய் வெட்டுகின்றன. சாக்கட்டிக் கோட்டின் பருமனே மையத்தைச் சில செ.மீ. இங்குமங்கும் தள்ளிவிடுகிறது. மூன்று முறை வரைந்தேன். மூன்று மையங்கள் கிடைத்தன.

சாய்வு நாற்காலியில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார் தாத்தா. அவர் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். "எதுக்கும்மா மையத்தைத் தேடுறே? நாங்க எந்தக் காலத்துல மையத்துக்குப் போனோம்? நூலைப் பிடி, நடுவுல அள, முடிஞ்சுது" என்றார்.

நேராக இருப்பதை "நூல் பிடித்தாற்போல்" என்கிறோம். வளைந்ததை அளக்கவும் அதே நூல்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன். உண்மை ரயில் பாதையில் வளைவின் மையம் எங்கோ ஒரு வயலிலோ, மலைக்குள்ளோ, ஆற்றின் நடுவிலோ இருக்கும். அங்கே போய் அளக்க முடியுமா? ஆகவே வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடிக்கிறார்கள். நூல் நேராக நிற்கும். தண்டவாளம் அதைவிட்டு வளைந்து விலகும். நூலின் நடுப்புள்ளியிலிருந்து தண்டவாளம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று மி.மீ. கணக்கில் அளக்கிறார்கள். அதற்கு ரயில்வேயில் 'வெர்சைன்' என்று பெயர். 50,000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் வளைவின் ஆரம் மீட்டரில் கிடைத்துவிடும். விலகல் 50 மி.மீ. என்றால் ஆரம் 1,000 மீட்டர். அவ்வளவுதான்.

இந்த விலகலுக்கு நம் பாடநூலில் தனிப் பெயர் இல்லை. கணித சிஸ்டரிடம் கேட்டபோது, "லத்தீனில் அதற்கு 'சகிட்டா' என்பார்கள். அம்பு என்று பொருள்" என்றார்கள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தமிழில் வட்டத்தின் பகுதியை வில் என்கிறோம். அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்கிறோம். வில்லும் நாணும் இருக்க, நடுவில் அம்பு இல்லாமலா போகும்! ஆரியபட்டரும் இதை அம்பு என்றே சொல்லியிருக்கிறார். 'சரம்' என்பது அவர் இட்ட வடசொல். கி.பி. 499-ஐ ஒட்டி அவர் இயற்றிய ஆரியபட்டீயத்தில் எனக்கு வேண்டிய கணக்கே இருக்கிறது. ஒரு நாண் வட்டத்தை இரண்டு விற்களாகப் பிரிக்கிறது. சிறிய வில்லுக்கு ஓர் அம்பு, பெரிய வில்லுக்கு ஓர் அம்பு. அவ்விரண்டு அம்புகளின் பெருக்கற்பலன் அரை நாணின் வர்க்கத்துக்குச் சமம். இரு அம்புகளையும் கூட்டினால் வட்டத்தின் விட்டம். நாம் பிதாகரஸ் தேற்றத்தைக் கொண்டும் இதை நிறுவலாம். தோழியர் நோட்டுப் புத்தகத்தில் செய்து பார்க்கலாம்.

இதிலிருந்து சூத்திரம் எளிது. அரை நாணின் வர்க்கத்தைச் சிறிய அம்பால் வகுக்க வேண்டும். வந்த ஈவோடு அந்த அம்பைக் கூட்ட வேண்டும். கிடைப்பது விட்டம், அதில் பாதி ஆரம்.

நீண்ட துண்டை எடுத்தோம். தாத்தா சொன்னபடியே வெளித் தண்டவாளத்தின் உட்பக்க முனைகள் இரண்டையும் இணைத்துத் தையல் நூலை இழுத்துப் பிடித்தேன். தம்பி ஒரு முனை, நான் ஒரு முனை, அளந்தது அம்மா. நாண் 342 மி.மீ., அம்பு 34 மி.மீ. அரை நாண் 171. அதன் வர்க்கம் 29,241. அதை 34-ஆல் வகுக்க 860. அதனுடன் 34-ஐக் கூட்ட 894. பாதி 447.

இது வெளித் தண்டவாளத்தின் ஆரம். உள் தண்டவாளத்துக்கு ஆரம் இதைவிடக் குறைவு. பின் எதைத்தான் துண்டின் ஆரம் என்பது? இரண்டுக்கும் நடுவே ஓடும் கற்பனைக் கோட்டைத்தான் தயாரிப்பாளர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே 16.5-ல் பாதியான 8.25-ஐக் கழிக்க வேண்டும். மீதி 438.75 மி.மீ.

குட்டைத் துண்டு: நாண் 290, அம்பு 29. அரை நாண் 145, வர்க்கம் 21,025. அதை 29-ஆல் வகுத்தால் சரியாக 725. 29-ஐக் கூட்ட 754, பாதி 377. அதில் 8.25 போக 368.75 மி.மீ.

ஆக, இரண்டும் ஒரே தோசை அன்று. வேறு வேறு தோசை!

தயாரிப்பாளரின் அளவுப் பட்டியலைப் பின்னர் பார்த்தேன். அவர்களுடைய வளைவுகள் நான்கே: 371, 438, 505, 572 மி.மீ. நான் கண்ட 438.75 என்பது 438, 368.75 என்பது 371. ஒன்றுக்கொன்று 67 மி.மீ. வித்தியாசம் இருப்பதால் எனது பிழையால் குழப்பம் நேரவில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. நாணை அளப்பதில் 1 மி.மீ. தவறினால் ஆரத்தில் 2 அல்லது 3 மி.மீ. தான் மாறும். அம்பை அளப்பதில் 1 மி.மீ. தவறினாலோ 12 மி.மீ. மாறிவிடும்! அம்பு 33 என்று அம்மா படித்திருந்தால் எனக்கு 451 வந்திருக்கும். ஆகவே அம்பை அளக்கும்போது கண்ணை அளவுகோலுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். சாய்ந்து பார்க்கக் கூடாது.

தாத்தாவின் கணக்கில் 50,000-ஐ வகுப்பதோடு சரி. அம்பை மறுபடி கூட்டவில்லையே என்று சிலர் கேட்கக்கூடும். நானும் கேட்டேன். 1,000 மீட்டர் ஆரத்தில் அம்பு வெறும் 5 செ.மீ.; அதில் பாதியைச் சேர்த்தால் என்ன, விட்டால் என்ன? பொம்மைத் தண்டவாளத்திலோ அது 447-ல் 17. விட்டால் வட்டம் கெட்டுவிடும்.

அடுத்து, எத்தனையில் ஒரு பங்கு? இதற்கும் அதே இரண்டு அளவுகள் போதும். அம்பை அரை நாணால் வகுத்தால் ஒரு டேன்ஜென்ட் கிடைக்கும். அதற்குரிய கோணத்தை நான்கால் பெருக்கினால் துண்டின் கோணம். (வில்லின் நடுப்புள்ளியை முனையோடு சேர்த்துப் பாருங்கள், மையக்கோணமும் பரிதிக்கோணமும் பற்றிய தேற்றம் காரணத்தைச் சொல்லும்.) நீண்ட துண்டுக்கு 34-ஐ 171-ஆல் வகுக்க 0.1988, அட்டவணையில் கோணம் ஏறக்குறைய 11¼ டிகிரி, நான்கு மடங்கு 45 டிகிரி. குட்டைத் துண்டுக்கு 29-ஐ 145-ஆல் வகுக்க 0.2, கோணம் 11.3, நான்கு மடங்கு 45 டிகிரிக்குச் சற்று மேல். இரண்டுமே 45 டிகிரிதான்! எட்டுத் துண்டு சேர்ந்தால் 360.

முதல் நாள் புதிர் இப்போது விடுபட்டது. ஏழு பெரிய துண்டும் ஒரு சிறிய துண்டும் சேர்த்தபோது கோணம் 360 நிறைந்தது; அதனால் முனைகள் ஒரே திசையைப் பார்த்தன. ஆனால் சிறிய துண்டின் நாண் பெரியதன் நாணைவிட, நடுக்கோட்டு அளவில், 51 மி.மீ. குறைவு. நான் கண்ட 5 செ.மீ. இடைவெளி அதுதான்.

புதிர் விடுபட்டாலும் ரயில் ஓடுமா? பெரிய வட்டத்துக்கு 8 வேண்டும், இருப்பது 7. சிறிய வட்டத்துக்கும் 8 வேண்டும், இருப்பது 4. மறுநாள் காலையில் கண்காட்சி. தம்பி உறங்கிப் போனான். எனக்கு உறக்கம் வரவில்லை.

வாசலில் அம்மா போடும் கோலந்தான் வழி காட்டியது. ஒரு பாதியைப் போட்டுவிட்டு, மறுபாதியை அப்படியே அரைச்சுற்றுத் திருப்பிப் போட்டால் கோலம் தப்பாமல் முடிகிறது. முதல் பாதி எந்த வடிவில் இருந்தாலும் கவலையில்லை. ரயிலிலும் அப்படித்தான். 180 டிகிரி திரும்பும்வரை எந்த வரிசையில் துண்டுகளை வைத்தாலும், அதே வரிசையை மறுமுறை வைத்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். முதல் பாதியில் எவ்வளவு விலகினோமோ அவ்வளவையும் இரண்டாம் பாதி திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு முனைக்கும் 2 பெரியவை, 2 சிறியவை. மொத்தம் 4 பெரியவை, 4 சிறியவை. போதும்!

வரிசை எப்படி? இரு பக்கத்து நேர்ப்பாதைகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே அமைய முன்னும் பின்னும் ஒத்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிதான்: பெரிது, சிறிது, சிறிது, பெரிது, அல்லது சிறிது, பெரிது, பெரிது, சிறிது. அரைவட்டத்தின் அகலத்தில் ஓரத்துத் துண்டு ஒவ்வொன்றும் தன் ஆரத்தில் 0.293 பங்கும், நடுத்துண்டு ஒவ்வொன்றும் 0.707 பங்கும் சேர்க்கின்றன. முதல் வழியில் அகலம் 781 மி.மீ.; இரண்டாவதில் 837 மி.மீ. கட்டைகளின் அகலமான 30 மி.மீ.-ஐயும் சேர்த்தால் 811, 867. மூன்றடி மேசை 914 மி.மீ. இரண்டும் அடங்கும். ஆனால் முதல் வழியில் இருபுறமும் 5 செ.மீ. இடம் மிஞ்சுகிறது, எஞ்சின் தடம் புரண்டாலும் தரையில் விழாது. எட்டுப் பெரிய துண்டுகள் இருந்து முழு வட்டம் போட்டிருந்தால் 906 மி.மீ. ஆகி, மேசையின் ஓரத்துக்கு 4 மி.மீ.-தான் மிஞ்சியிருக்கும். குறைந்ததே நல்லதாயிற்று!

முதல் வழியைப் பார்த்துவிட்டுத் தாத்தா தலையசைத்தார். உண்மைப் பாதையிலும் நேர்ப்பாதையிலிருந்து திடீரென்று கூர்மையான வளைவுக்குள் வண்டியை நுழைக்கமாட்டார்களாம். இடையில் ஆரம் சிறிது சிறிதாகக் குறையும்படி ஒரு பாதை அமைப்பார்கள். எங்களுடையது சிறிது சிறிதாகக் குறையவில்லை, ஒரே தாவலாகத்தான் குறைந்தது. ஆயினும் போக்கு அதுவே.

உண்மைப் பாதையோடு ஒப்பிட்டால் பொம்மை வளைவுகள் எவ்வளவு கூர்மையானவை என்பது வியப்பளிக்கும். 438 மி.மீ.-ஐ 76 மடங்காக்கினால் 33 மீட்டர். நம் நாட்டு அகலப் பாதையில் ஆரம் 175 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இந்திய ரயில்வேயின் விதி. அந்த விதிப்படி பொம்மைக்கு வளைவு போட்டால் ஆரம் 2.3 மீட்டர், வட்டத்தின் அகலம் 4.6 மீட்டர். தையல் அறையில் மேசைகளையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். பொம்மைச் சக்கரங்களின் விளிம்புகள் ஆழமாகவும், இணைப்புகள் தாராளமாகவும் இருப்பதால் அவை எப்படியோ சமாளித்துத் திரும்பிவிடுகின்றன.

ஆனால் பெட்டி வளையாதே! அதை நான் மறந்ததால் ஒரு விபத்து நேர்ந்தது. வளைவின்மீது அட்டையால் ஒரு குகை செய்து வைத்தேன். எஞ்சின் புகுந்து வெளியே வந்தது. பின்னால் வந்த பெட்டி குகையையே இழுத்துக்கொண்டு வந்தது. பெட்டியின் இரு சக்கரத் தொகுதிகளும் வளைவின்மேல் நிற்க, அதன் உடல் நாணைப்போல் நேராக உள்பக்கம் தள்ளி நிற்கிறது. மறுபடியும் அம்புதான்! தொகுதிகளுக்கு இடையே 18 செ.மீ.; 371 மி.மீ. வளைவில் அம்பு 11 மி.மீ. அந்த 11 மி.மீ.-க்கு நான் இடம் விடவில்லை. அடுத்தடுத்த வளைவுகளுக்கு இடையே தயாரிப்பாளர்கள் 67 மி.மீ. விடுவது ஏன் என்பதும் அப்போது விளங்கிற்று. அக்கம்பக்கமாக இரண்டு ரயில்கள் ஓடும்போது, வெளிவட்டத்துப் பெட்டியின் வயிறு உட்புறமும் உள்வட்டத்துப் பெட்டியின் முனைகள் வெளிப்புறமும் நீட்டும். அவை உரசாதிருக்க அந்த இடைவெளி வேண்டும்.

குகையைச் சற்று அகலமாக வெட்டி ஒட்டினேன். இரு பக்கமும் நேர்த்துண்டுகள் நான்கு நான்கு. காலை எட்டரை மணிக்குக் கடைசித் துண்டை வைத்தபோது அது ஒரு விரலின் தள்ளுதலில் 'டக்'கென்று பூட்டிக்கொண்டது. பக்கத்தில் ஓர் அட்டையில் நூல், வில், நாண், அம்பு நான்கையும் வரைந்து, கணக்கையும் எழுதி வைத்தோம். மதர் அவர்கள் வந்து அந்த அட்டையை முழுவதும் படித்துவிட்டு, "நூலைக் கொடு" என்று வாங்கி, மீந்திருந்த துண்டு ஒன்றைத் தாமே அளந்து பார்த்தார்கள். அவர்களுக்கு வந்த விடை 441.

பெட்டியில் இப்போது மூன்று பெரிய வளைவுகளும் ஒரு நேர்த்துண்டும் மீந்து கிடக்கின்றன. பெரியது இன்னும் ஒன்று கிடைத்தால் 438 முழு வட்டமும் போடலாம் என்று தம்பி பெரியப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். தவறாமல் 'ஆர் 607' என்று குறிப்பிடச் சொல்லியிருக்கிறேன்.